எட்வின் ஜாக்சனும் என் மாற்றல் உத்தரவும்



"தாத்தா, 31 வருஷத்துல 9 ஸ்கூலா? யாருமே உங்கள வெச்சுக்கலையா?" என்று பேரன் போனில் கேட்டான். மழுப்பிவிட்டேன். அவன் பேஸ்பால் பைத்தியம். அவன் சொல்லித்தான் எட்வின் ஜாக்சனைப் பற்றிப் படித்தேன்.

பந்து எறிபவர். 20-வது பிறந்தநாளில் முதல் ஆட்டம் இறங்கி, ஜாம்பவான் ராண்டி ஜான்சனையே வென்றவர். அப்புறம் ஊர் ஊராக மாற்றல்தான்.

2010 ஜூன் 25, அரிசோனா அணிக்காக எறிகிறார். எதிரே அவருடைய பழைய அணி, டாம்பா பே. முதல் மூன்று இன்னிங்ஸிலேயே பந்து தாறுமாறாகப் போய், ஏழு பேரை ஓசியில் முதல் தளத்துக்கு அனுப்பிவிட்டார். ஆனாலும் கடைசிவரை ஒருவராலும் அவர் பந்தில் ஒரு 'ஹிட்' அடிக்க முடியவில்லை. 149 பந்துகள்! நூறைத் தாண்டினாலே ஆளை மாற்றும் விளையாட்டு அது. 1-0 வெற்றி.

ஐந்தே வாரத்தில் அவரை சிகாகோவுக்கு மாற்றிவிட்டார்கள். மறுவருடம் ஜூலையில் ஒரே நாளில் டொராண்டோவுக்கும், அங்கிருந்து செயின்ட் லூயிஸுக்கும். அந்த செயின்ட் லூயிஸ்தான் அவ்வருட உலகத் தொடரை வென்றது. அன்று ஒரு பந்துகூட எறியாமல் கடந்த டொராண்டோ, 2019-ல் அவருடைய 14-வது அணி. அதுவரை யாரும் அத்தனை அணிக்கு ஆடியதில்லை. வெற்றி 107, தோல்வி 133.

எனக்கும் பத்தாம் வகுப்பில் முழுத் தேர்ச்சி வந்த அதே ஜூனில்தான் மாற்றல் உத்தரவு வந்தது. பஸ் ஸ்டாண்டு வரை என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தீர்களே, நீங்கள் இரண்டு பேர் யார்? முகம் நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை. இதைப் படித்தால் கீழே எழுதுங்கள்.