சுற்றுலாவின் கடைசி ராத்திரி

தஞ்சாவூரில் ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோயில், கங்கைகொண்ட சோழபுரத்தில் அவர் மகன் ராஜேந்திரன் கட்டிய கோயில், இரண்டும் பார்த்துவிட்டுப் பாடிக்கொண்டே திரும்பினோம். சேத்தியாத்தோப்பு தாண்டியதும் வண்டியில் ஒரே புகை! ஃபேன் பெல்ட் அறுந்து ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துவிட்டது. வேறு பெல்ட் மாட்ட மணி எட்டு ஆயிற்று. "இனிமே எங்கப்பா எங்கேயும் அனுப்ப மாட்டார்டி" என்று தோழி அழுதாள். எனக்கும் அதே பயம்தான்.

டீச்சர் எங்களை வடலூர் தருமசாலைக்கு அழைத்துப்போனார். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் சோறு போட்டார்கள்.

ஒன்பதரைக்குக் காடாம்புலியூரில் இறங்கினால் அப்பாக்கள் எல்லாம் ரோட்டில் நிற்கிறார்கள். "இதுக்குத்தான் பொம்பளைப் பிள்ளைங்கள அனுப்பக் கூடாது" என்றார் ஒருவர்.

தோழிகளே, வீட்டில் சொல்லுங்கள்: அறுந்தது பெல்ட். பையன்கள் மட்டும் போயிருந்தாலும் அறுந்திருக்கும். அடுத்த வருஷமும் நாம் போகணும்!

– 9-ஆம் வகுப்பு மாணவி