பன்னிரண்டாம் இலக்கம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் அடுத்த வீட்டு அண்ணன் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிப்பவர். எனக்குக் கற்றுத் தந்தவரும் அவர்தான். மஃரிபுக்குப் பிறகு அவர் வீட்டு விறாந்தையில் போய்க் குந்தினால் இஷா பாங்கு கேட்டுத்தான் எழும்புவேன். வாப்பாவுக்கு அது பிடிக்காது, ஆனாலும் தடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் சிறிய இஃபெக்ட்ஸ் பெட்டியொன்றை வாங்கி வந்தார். இரண்டே மிதிகள். ஒன்றை மிதித்தால் அடுத்த இலக்கம், மற்றதை மிதித்தால் முந்திய இலக்கம். ஒவ்வோர் இலக்கத்திலும் ஓர் ஒலியைச் சேமித்து வைக்கலாம். அதைத்தான் பிரீசெட் என்பார்கள்.

முதல் கல்யாணத்திலேயே மாட்டிக்கொண்டோம். பைலாவுக்கான சுத்தமான ஒலி 1இல், தனி வாசிப்புக்கான கரகரத்த டிஸ்டோர்ஷன் 3இல், மெதுவான பாட்டுக்கான எதிரொலி 4இல். 1இலிருந்து 4க்குப் போவதென்றால் 3ஐத் தாண்டத்தான் வேண்டும். மணமக்கள் மெல்ல நடந்து வருகையில் மண்டபமே ஒரு கணம் அதிர்ந்தது. அன்றிரவே அண்ணன் பாட்டுப் பட்டியலை முன்னால் வைத்து, பாட்டுகள் வரும் ஒழுங்கிலேயே ஒலிகளை அடுக்கினார். சுத்தமான ஒலியை மூன்று இலக்கங்களில் பதித்தார். "காலுக்கு யோசிக்கிற வேலை குடுக்கக் கூடாது தம்பி" என்றார்.

12இல் இருந்தது அவரே பல நாள் செதுக்கிய ஒலி. 2004இல் குடும்பத்தோடு கனடா போகும்போது பெட்டியை என்னிடம் தந்தார். "பன்னிரண்டை மட்டும் தொடாதே."

தொட்டேன். எதிரொலியைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். அதுவரை மோசமில்லை. சேமிக்காமல் வேறு இலக்கத்துக்குப் போய்த் திரும்பினால் பழையதே வந்துவிடும். நானோ தூக்கக் கலக்கத்தில் 'ஸ்டோர்' பட்டனை அழுத்திவிட்டேன். பழையதன் மேலேயே புதியது பதிந்துவிட்டது. பழைய அளவுகளை நான் எங்கும் குறித்து வைத்திருக்கவுமில்லை.

அடுத்த மாதம் தொலைபேசியில் கேட்டார்: "பன்னிரண்டு இருக்குதா?"

"இருக்கு அண்ணே."

இலக்கம் இருந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 1983இல் வந்த மிடி முறையிலும் ஒலியை அழைக்கும் கட்டளை 0 முதல் 127 வரையான ஓர் எண் மட்டுந்தான். அந்த எண்ணின் இடத்தில் என்ன இருக்கிறதோ அதுவே ஒலிக்கும். யார் வைத்தது என்று கருவி கேட்பதில்லை.

அந்தப் பொய்யை மெய்யாக்கப் பல இரவுகள் மினக்கெட்டேன். எதிரொலியின் இடைவெளி மட்டும் பிடிபட்டது. அதை அவர் பாட்டின் வேகத்தோடு பொருத்தியிருந்தார். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 60,000ஐ 120ஆல் வகுக்க வேண்டும், 500 மில்லிசெக்கன். மற்றதெல்லாம் காதில் இருந்த ஞாபகத்தை நம்பி வைத்தவை.

சில வருடங்கள் கழித்து, ஒரு ஜூன் மாதம், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு வந்தார். பெட்டியை இணைத்து 12க்குப் போனார். வாசித்தார். நிறுத்தினார்.

"இது நான் வச்சது இல்லையே."

எனக்கு வாய் எழவில்லை. அவர் மறுபடியும் வாசித்தார். பிறகு, "ஒரு கொப்பி கொண்டா" என்றார். ஒவ்வொரு அளவாக அவர் திரையைப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன்.

பெட்டி பழுதாகிப் போய்விட்டது. கொப்பி இருக்கிறது. அதில் 12க்கு நேரே உள்ளவை என்னுடைய எண்கள். அவருடையவை எங்கும் எழுதப்படவில்லை.