காசைத் தேய்க்காதீர்கள்

நாணயம் சேர்க்கத் தொடங்கியவர்கள் ஒரு கட்டத்தில் வந்து கேட்பார்கள்: "அடுத்து என்ன வாங்கலாம்?" கொஞ்ச காலம் எதுவும் வாங்க வேண்டாம், கையில் இருப்பதைக் காப்பாற்றப் பழகுங்கள் என்பேன்.

கொடைக்கானலில் இந்தப் பாடம் சீக்கிரமே வந்துவிடும். ஏறக்குறைய 7,000 அடி உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே நுழையும். செம்புக் காசின் மேல் சீராகப் படிந்த பழுப்போ கரும்பச்சையோ அதற்குக் காப்பு, அதைத் தொடக்கூடாது. வெளிர்பச்சைப் புள்ளிகள் மாவாக உதிர்ந்தால் அது நோய். உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிக்கின்றன. அந்தக் காசைத் தனியே பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள். பிவிசி உறைகள் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து அவையே காசைக் கெடுக்கும்.

குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் விபூதியும் போட்டுக் காசைத் தேய்ப்பவர்கள் நம்மில் அதிகம். பளபளப்பு வரும், எழுத்தின் விளிம்பு போய்விடும். போனது திரும்பாது.

ஈரம் புகாவிட்டால் செம்பு எத்தனை காலம் நிற்கும் என்பதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1808ஆம் ஆண்டு 20 காசு சாட்சி. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த இந்தக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் அந்நாட்டுக் கரையோரமே மூழ்கியது. 1980களில் மீட்டபோது, பீப்பாய்க்குள் மெழுகு காத்த காசுகள் புதிதாகவே இருந்தன.

அடுத்த பழக்கம் துண்டுச்சீட்டு. எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது, எடை எவ்வளவு என்று ஒவ்வொரு காசுக்கும் எழுதுங்கள். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், தேய்மானத்தை மீறிக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். தராசு மட்டும் போதாது. 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது என்பதால் 1938இன் கடைசி எண்ணைத் திருத்தி விற்பவர்கள் உண்டு. அந்தப் போலியை லென்ஸ்தான் காட்டிக்கொடுக்கும்.

இடம் பதிவாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. பழனியை ஒட்டிய கலையம்புத்தூரில் 1856இல் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. ஊரும் ஆண்டும் பதிவானதால்தான், கடல்கடந்த பொன் இந்த மலையடிவாரம்வரை வந்ததை இன்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆகவே, மண்ணில் தோண்டியெடுத்தது என்று சொல்லி யாராவது காசு நீட்டினால் வாங்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். அந்தக் காசோடு அதன் ஊரும் வரலாற்றில் ஏறும்.