வாளி கழுவாமல் வேலை முடியாது

காம்பாரில் கடல் இல்லை. ஈயம் தோண்டிய காலத்தில் விட்டுப்போன குட்டைகள்தான் இங்கே உண்டு. இப்படிப்பட்ட ஊரில் படிக்கும் ஒரு பெண் ஆழ்கடல் முக்குளிப்பு கற்றுக்கொண்டாள் என்றால் யார் நம்புவார்கள்? என் பாட்டியே நம்பவில்லை. “கடலுக்கு அடியில போயி என்னத்தடி பாக்கப் போற?” என்றுதான் கேட்டார்.

பவளப்பாறை, ஆமை, கூட்டம் கூட்டமாகத் திரியும் மீன்கள் என்று பாட்டிக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஆனால், நான் கற்ற பெரிய பாடம் நீருக்கு அடியில் கிடைத்ததன்று. கரையில், நல்ல தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டியின் அருகே கிடைத்தது. அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் பெர்ஹெந்தியான் தீவுக்குப் புறப்பட்டோம். ஈப்போ, கோல கங்சார், கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைக் கடந்து கோல பெசுட் சென்று, அங்கிருந்து படகேற வேண்டும். கோல கங்சாரைக் கடக்கும்போது, 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது நடப்பட்ட ஊர் இது என்று ஒரு நண்பர் சொன்னார். அந்தக் கன்றுகளின் கதை என் முக்குளிப்போடு வந்து சேரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முக்குளிப்பவரின் உயிர் ரெகுலேட்டர் என்னும் கருவியில் இருக்கிறது. பிரான்சு நாட்டின் கூஸ்தோவும் காஞானும் 1943இல் உருவாக்கிய கருவியே இன்றைய ஸ்கூபாவுக்கு அடிப்படை. தோம்பில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, நாம் இருக்கும் ஆழத்திற்கு ஏற்பத் தணித்து வாய்க்குக் கொடுப்பது அதன் வேலை. வாயில் கவ்வும் பகுதிக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மூச்சை விடும்போது அது திறக்கும். இழுக்கும்போது மூடிக்கொண்டு கடல் நீரைத் தடுக்கும். நகத்தின் கனம்கூட இல்லாத அந்தச் சவ்வை நம்பித்தான் மனிதன் கடலுக்குள் இறங்குகிறான்.

முதல் நாள் மாலை கருவிகளைக் கழுவி வைக்கும் முறை என்னுடையது. மறுநாள் காலையில் மீண்டும் இறங்க வேண்டும். களைப்பு ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். ஆறு ரெகுலேட்டர்களையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டு நடந்தேன். குழாய்கள் மணலில் இழுபட்டு வந்தன. தொட்டியில் இரண்டு முறை முக்கி எடுத்து, வெயில் விழுந்த கம்பியில் தொங்கவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு!

மறுநாள் காலை ஒன்பது மீட்டர் ஆழத்தில் இருந்தோம். எங்களோடு வந்த முதலாம் ஆண்டு மாணவன் திடீரென்று கையை அசைத்தான். அவனுடைய கண்கள் முகமூடிக்குள் அகலமாக விரிந்திருந்தன. இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் காற்றோடு உப்பு நீரும் அவன் வாய்க்குள் வந்துகொண்டிருந்தது. பயிற்றுநர் சட்டென்று நெருங்கித் தம்மிடமிருந்த மாற்று ரெகுலேட்டரை அவன் வாயில் கொடுத்து, தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே அழைத்துச் சென்றார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அவன் பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலே பாய்ந்திருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கலாம் என்பதை நாங்கள் எல்லோரும் பயிற்சியில் படித்திருந்தோம்.

படகில் பயிற்றுநர் அந்தக் கருவியைத் திறந்து காட்டினார். சவ்வின் ஓரத்தில் மணல் சிக்கியிருந்தது. அது முழுமையாக மூடாமல் தடுத்தது அந்தச் சில மணல் துகள்கள்தாம். “சியாப்பா சூச்சி செமாலாம்?” நேற்று யார் கழுவியது என்று அமைதியாகத்தான் கேட்டார்.

நான் பேசவில்லை.

இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. படகின் எந்திரச் சத்தத்தில் கேள்வி கேட்காததுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் மறுமுறை கேட்கவில்லை.

இரவு அந்தத் தம்பியைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் தலையைக் குனிந்திருந்தான். பிறகு, “தெரியும்க்கா. நீங்க தூக்கிட்டுப் போறப்ப மணல்ல இழுபட்டத நான் பாத்தேன். சொல்லியிருக்கணும். நானும் ஒண்ணும் சொல்லல,” என்றான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பொழுது விடிந்ததும் பயிற்றுநரிடம் சென்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. தொட்டிக்கு அருகே அழைத்துச் சென்று முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார். கழுவுவதற்கு முன்பு, தோம்போடு இணையும் வாயைத் தூசிமூடியால் அடைக்க வேண்டும். மூடி ஈரமாக இருந்தால் துடைத்த பிறகே அடைக்க வேண்டும். தண்ணீரில் முக்கி எடுத்தால் போதாது; உப்பு கரையும்வரை ஊறவிட வேண்டும். உப்பு காய்ந்தால் படிகமாகி உலோகத்தை அரிக்கும், துணியை அறுக்கும். கவ்வும் பகுதியில் நல்ல தண்ணீரை ஊற்றி வெளிவிட வேண்டும். அப்போது நடுவிலிருக்கும் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் குழாய் வழியாக உள்ளே ஏறிவிடும். மிதவைச் சட்டைக்குள்ளும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்ட வேண்டும். தோம்பை முற்றாகக் காலி செய்யாமல் கொஞ்சம் காற்றை மிச்சம் வைத்தால் ஈரம் உள்ளே புகாது. எல்லாவற்றையும் நிழலில், காற்றோட்டத்தில்தான் உலர்த்த வேண்டும். படகிலும் இரண்டு முக்குளிப்புகளுக்கு இடையே தோம்பை நிற்கவைக்காமல் படுக்கவைத்து, ரெகுலேட்டர் தரையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பியதும் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவர் வேலை செய்த தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வாளிய கழுவாம வந்துட்டியா?”

பிறகு அவரே விளக்கினார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாவில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தாலும் வேலை முடிந்துவிடாதாம். வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வீடு. “நேத்துப் பால் வாளியில ஒட்டியிருந்தா இன்னிக்குப் பால் திரிஞ்சு போகும். அதக் கொண்டுபோயி ஸ்டோர் தொட்டியில ஊத்துனா எல்லாரு பாலும் கெடும். கழுவாதவ ஒருத்தி, கெடுறது எல்லாருக்கும்.”

வெயிலைப் பற்றியும் சொன்னார். ரப்பர் சீட்டை வெயிலில் போட்டால் பிசுபிசுத்துப் போகும் என்றுதான் புகைவீட்டில் காயவைப்பார்களாம். எங்கள் முக்குளிப்பு ஆடை பால்மரத்தின் ரப்பர் அன்று. 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர். அது இயற்கை ரப்பரைவிட வெயிலைத் தாங்கும். ஆனாலும் புறஊதாக் கதிர் நாளடைவில் அதையும் வெடிக்கவைக்கும். பயிற்றுநர் சொன்ன ‘நிழலில் உலர்த்து’ என்பது பாட்டிக்கு முன்பே தெரிந்த பாடம்.

மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் முத்துக்குளித்த காலத்தில் தோம்பும் இல்லை, ரெகுலேட்டரும் இல்லை. காலில் ஒரு கல், மேலே படகில் கயிற்றைப் பிடித்து நிற்கும் ஓர் ஆள். குளிப்பவர் கயிற்றை அசைத்தால் உடனே இழுக்க வேண்டும். கயிற்றைப் பிடித்தவர் கவனம் சிதறினால் கீழே இருப்பவரின் கதி என்ன? இன்று கயிறு இல்லை. ஆனால், மாலையில் தொட்டி அருகே கருவியைக் கழுவுகிறவர் கையில்தான் அந்தக் கயிறு இருக்கிறது. அன்று அது என் கையில் இருந்தது, நான் நழுவவிட்டேன்.

நண்பர்களே, கல்லூரி வாழ்க்கையிலும் நாம் பலருடைய கயிறுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் நாம் வைத்துவிட்டுப் போகும் கருவியை நாளை இன்னொருவர் நம்பி எடுப்பார். நாம் செய்தது சரியா என்று அவர் சோதித்துப் பார்ப்பதில்லை; அந்த நம்பிக்கையே நம் பொறுப்பு. தவறு நேர்ந்தால், ‘யார்’ என்ற கேள்வி எழும் முதல் தடவையே கையை உயர்த்தும் துணிவும் நமக்கு வேண்டும்.

இப்போதெல்லாம் கடலுக்குப் போய்வந்தால் பாட்டி மீன்களைப் பற்றிக் கேட்பதில்லை. “கழுவிட்டியா?” என்றுதான் கேட்கிறார். “கழுவிட்டேன் பாட்டி, நிழல்லதான் போட்டிருக்கேன்,” என்று சொன்ன பிறகே எனக்குச் சோறு போடுகிறார்.