கடுஞ்சொல்லுக்கு அப்பால்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் நோக்கி வருகையில் கூட்டேரிப்பட்டு வருகிறது. மயிலம் முருகன் கோயிலுக்குச் செல்லும் சாலை இங்குதான் பிரிகிறது. வண்டியில் விரைபவர்களுக்கு இது ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகும் இடம்; ஊரின் பெயர்கூடப் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. ஆனால் அந்த வண்டிகளை நம்பியே இங்கு வாழ்பவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவர். அவரைப் பற்றியும், அவர் பொருட்டு நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும் எழுத வேண்டுமென்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அவர் என் பங்கைச் சேர்ந்தவர். நான்கு தையல் எந்திரங்கள், ஐந்து பெண்கள். இதுவே அவருடைய தொழிற்சாலை. பல ஆண்டுகள் வேன்களுக்கும் வாடகைக் கார்களுக்கும் தைத்து வந்தவருக்கு, விழுப்புரத்தில் ஒரு கார் ஷோரூமில் வேலை கிடைத்தது. புதுக் கார் வாங்குவோர் கேட்கும் இருக்கை உறைகளையும் மிதியடிகளையும் இவர் தைத்துக் கொடுக்க வேண்டும். "சாமி, ஷோரூம் ஆர்டர் கிடைச்சிடுச்சு" என்று இனிப்புப் பொட்டலத்தோடு வந்து நின்ற அந்த மாலை இன்னும் என் கண்முன் இருக்கிறது.

அங்கு முதலில் இருந்த மேலாளர் இனிமையானவர். போனவுடன் தேநீர், வாய் நிறைய "அண்ணே". ஆனால் பண்டிகைதோறும், பிறகு மாதந்தோறும், "கொஞ்சம் கவனிங்க அண்ணே" என்றும் சொல்வார். இவரும் கவனித்தார். கவனித்த பணத்தை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டுமே! நூலின் தரத்திலும் தையலின் நெருக்கத்திலும் அதை ஈடுகட்டினார். இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொல்லி வருந்தினார்.

பிறகு அந்த மேலாளர் மாறி வேறொருவர் வந்தார். தேநீர் இல்லை, உட்காரச் சொல்வதில்லை, தொலைபேசியை எடுப்பதில்லை, எடுத்தால் அதட்டல். ஒரு நாள், பணியாளர்கள் பலர் பார்த்துக்கொண்டிருக்க, இவர் தைத்த உறையின் பக்கவாட்டை ஒரு பிளேடால் கிழித்து மேசைமேல் எறிந்தார். "இதைப் போட்டு ஆளைக் கொல்லப் பார்க்கிறீரா?" என்று கேட்டார். பன்னிரண்டு செட் உறைகள் திரும்பி வந்தன. மூன்று மாதப் பில் தொகையும் நின்றுபோயிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் ஐந்து பெண்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

அன்றிரவு அவர் பங்கு இல்லத்துக்கு வந்து அழுதார். நான் எதையும் தீர விசாரிக்கவில்லை. குருமடத்தில் கற்ற சமூக நீதிப் போதனைகள் அனைத்தும் என் நெஞ்சில் கொதித்தன. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் வெள்ளை அங்கியோடு அந்த ஷோரூமுக்குள் நுழைந்தேன். ஏழையின் கூலியைப் பற்றியும் மனித மாண்பைப் பற்றியும் அந்த மேலாளரிடம் ஒரு மறையுரையே நிகழ்த்திவிட்டேன். அவர் எழுந்து நின்றபடியே கேட்டார். "உங்க மேல மரியாதை இருக்குது ஃபாதர். ஆனா இது கடைக் கணக்கு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு மாதங்கள் ஓர் ஆர்டரும் வரவில்லை. ஐந்து பெண்களில் இருவர் வேறு வேலை தேடிச் சென்றனர். நான் நீதிக்காகப் பேசியதாக நினைத்திருந்தேன். உண்மையில் என் கோபத்துக்கான விலையை அந்தப் பெண்கள் கொடுத்தனர்.

முடிவில் அவர் என்னிடம் சொல்லாமல் தாமே ஷோரூமுக்குப் போனார். மாதக் கடைசியைத் தவிர்த்து, முகூர்த்த நாளையும் தவிர்த்து, வாரத்தின் நடுவில் கூட்டமில்லாத ஒரு காலை வேளையில் போனார். "சார், நான் ஆர்டர் கேட்டு வரல. அந்த உறையில என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். மேலாளர் சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு, எழுந்து ஒரு புதுக் காரிடம் அழைத்துச் சென்றார். இருக்கையின் பக்கவாட்டில் தைத்திருந்த ஒரு சிறு அடையாளத் துணியைக் காட்டினார். இப்போது பல கார்களில் இருக்கைக்குள்ளேயே காற்றுப்பை இருக்கிறது. விபத்து நேரும் கணத்தில் அது பக்கவாட்டைப் பிளந்துகொண்டு விரிய வேண்டும். உறை அந்த இடத்தில் திறந்திருக்க வேண்டும். அல்லது எளிதில் அறுபடும் தனி நூலால் தைக்கப்பட்டிருக்க வேண்டும். இவரோ உறை நீடித்து உழைக்கட்டும் என்று, அங்கேதான் தடித்த நூலால் இரட்டைத் தையல் போட்டிருந்தார்!

இதைக் கேட்டபோது நான் வாயடைத்துப் போனேன். அந்த மேலாளர் சொன்ன விதம் தவறு. சொன்ன செய்தியோ சரி. விதம் புண்படுத்தியதால் செய்தியை நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

அதன் பிறகே அவருடைய நாற்காலியைப் பற்றி நான் எண்ணிப் பார்த்தேன். ஷோரூமில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் கடனில் வாங்கி நிறுத்தப்பட்டவை. விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி உண்டு. மாதந்தோறும் இத்தனை விற்க வேண்டும் என்று மேலிருந்து இலக்கு வரும். ஆடி மாதத்தில் வாங்குவோர் குறைவர்; முகூர்த்த நாளிலோ எல்லாருக்கும் ஒரே வேளையில் கார் வேண்டும். இதே நெடுஞ்சாலையில் மறைமலை நகரில் கார் தயாரித்துவந்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, அந்தக் கார்களை விற்றுவந்த ஷோரூம்களின் பிழைப்பும் கேள்விக்குறியாயிற்று. அதட்டுகிறவரும் ஓர் அதட்டலுக்குக் கீழேதான் அமர்ந்திருக்கிறார். நற்செய்தியில் வரும் நூற்றுவர் தலைவர், தாம் அதிகாரம் செலுத்துகிறவர் மட்டுமல்ல, அதிகாரத்துக்கு உட்பட்டவரும் என்று ஒப்புக்கொள்கிறார். அப்பகுதியை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஒரு கார் விற்பனை மேலாளரிடம் அதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நம் நண்பர் அதன்பின் கடைப்பிடித்த வழிகள் எளியவை. ஒரு குறிப்பேட்டில் சொன்ன தேதியையும் கொடுத்த தேதியையும் எழுதி வந்தார். தாமதமாகும் என்று தெரிந்தால் முந்தின நாளே தாமாகத் தொலைபேசியில் சொன்னார், கேட்கும்வரை ஒளிந்துகொள்ளவில்லை. காற்றுப்பை உள்ள உறைகளைத் தனியே கட்டி அடையாளச் சீட்டு ஒட்டி அனுப்பினார். 2025 ஆகஸ்டு 15 அன்று வரிக் குறைப்பு வரப்போகிறது என்ற அறிவிப்பு வெளிவந்ததும் கார் வாங்க வந்தவர்கள் காத்திருக்கத் தொடங்கினர். அப்போது இவரே சென்று, "இந்த மாசம் பாதி போதும் சார்" என்று ஆர்டரைக் குறைத்துக்கொண்டார். செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அடுத்து ஆயுத பூஜையும் வந்தது. அந்த நெருக்கடியில், மேலாளர் முதலில் அழைத்தது இவரைத்தான். விலகிச் சென்ற பெண்கள் இருவரும் அந்த வாரம் திரும்பி வந்தனர்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பொறுமை என்பது உரிமையை விட்டுவிடுவதல்ல. குறு, சிறு தொழில் செய்வோர் உத்யம் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் மேலும் ஒரு பிடி கொடுத்தது: கெடு தவறிய தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரிக்குச் செலவாகக் காட்ட முடியும். நம் நண்பர் வழக்குக்குப் போகவில்லை. பில்லின் அடியில் பதிவு எண்ணையும் 45 நாள் கெடுவையும் அச்சிட்டார். முப்பதாம் நாளில் கணக்காளருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினார். பணம் மெல்ல மெல்ல ஒழுங்காக வரத் தொடங்கியது.

ஒரு பொங்கலுக்குப் பழைய வழக்கப்படி சட்டைத் துணி எடுத்துச் சென்றார். மேலாளர் அதைத் திருப்பித் தந்துவிட்டார். "இதெல்லாம் வேண்டாம். தையல் சரியா இருந்தாப் போதும்." இனிமையாகப் பேசியவர் கைநீட்டினார், கடுமையாகப் பேசியவர் கையை மடக்கிக்கொண்டார். முகத்தை வைத்து மனிதரை எடைபோடுவதில் நான் எத்தனை பிழை செய்திருக்கிறேன்!

அவர் புனிதராகிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. இன்னும் அதட்டுகிறார். ஒரு முறை நம் நண்பர் அமைதியாகச் சொன்னாராம்: "தப்புன்னா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க சார். நாலு பேர் முன்னாடி வேண்டாம். நானும் அஞ்சு பேருக்கு முதலாளி." மேலாளர் பதில் சொல்லவில்லை, ஆனால் அதன்பின் தனியேதான் அழைக்கிறார். இப்படிச் சொல்லும் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பாதி வேலைக்கு மேல ஒரே இடத்துல வாங்கறதில்ல சாமி. வேன்காரங்க வேலையை விடாம வெச்சிருக்கேன்" என்றார். ஒரே வாசலை நம்பி நிற்பவனால் நிமிர்ந்து பேச முடியாது என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்த மாலையில், பங்கு இல்லத்துத் திண்ணையில் பந்தல்காரர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பங்குத் திருவிழா முடிந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. பாக்கிப் பணத்துக்காக அது அவருக்கு நான்காவது நடை. "கணக்கு இன்னும் முடியல, அடுத்த வாரம் வாங்க" என்று மும்முறையும் சொல்லி அனுப்பியவன் நான்தான். உட்காரச் சொன்னேனா, தண்ணீர் கொடுத்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

எழுந்து உள்ளே சென்று பணத்தை எண்ணி எடுத்து வந்து, "தாமதம் என் தவறு ஐயா" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் திகைத்துப் போனார். "பரவாயில்ல சாமி, பரவாயில்ல" என்று இருமுறை சொன்னார். நம் நண்பர் ஒன்றும் பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.