நான்கு பையும் ஏழு பையும்

விழா மலருக்குக் கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கிய ஆராய்ச்சியொன்றாகவே இருத்தல் கூடும். யாமோ சீமெந்துக் கணக்கொன்றைக் கூற முற்படுகின்றோம். எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே ஊட்டியது நம் கல்லூரியாதலின் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

எழுவைதீவு, ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய சிறு தீவு. அங்கே நன்னீர் அரிது. மாரி மழையே பெருஞ்செல்வம். யாம் அத்தீவிற் கற்பித்த காலத்தில், பாடசாலைக் கூரைநீரைச் சேர்ப்பதற்கு 5,000 இலீற்றர் கொள்ளும் தாங்கியொன்று கிடைத்தது. நிறைந்தால் நீரின் பாரம் மட்டுமே 5 தொன். மணற்பாங்கான நிலத்தில் அதனை வெறுமனே நிறுத்தலாகாது. 8 அடிச் சதுரமும் 6 அங்குலக் கனமுமுள்ள கொங்கிறீற்றுத் தளமொன்றை ஐப்பசி மழைக்கு முன் இட்டாக வேண்டும்.

பட்டினத்திற் பையொன்று குறைந்தால் ஒருவர் சைக்கிளிற் சென்று வாங்கிவருவார். தீவில் அது நடவாது. கடல் கொந்தளித்தாற் படகில்லை. பாதியில் நின்ற கொங்கிறீற்று இறுகிவிடும். மறுநாள் இடுவது அதனோடு ஒன்றாகாது. பொருத்தின் வழியே வெடிப்புத் தோன்றும். மிகையாக வாங்கினாலோ, எஞ்சிய சீமெந்து கடற்காற்றின் ஈரத்தாற் கட்டிபட்டு, பெற்றோர் சேர்த்த பணம் வீணாகும். கடற்கரை மணலும் உவர்நீரும் உதவா. அவற்றின் உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருவேற்றும். ஆதலின் மணலும் சல்லியுங்கூட அளவறிந்தே படகேற வேண்டும்.

மேல்வகுப்பு மாணவர் கணக்கிட்டனர். 8 × 8 × ½ = 32 கன அடி. கலவை 1:2:4 ஆதலின், ஏழிலொரு பங்கு சீமெந்து 4½ கன அடிக்குச் சற்று மேல். 50 கிலோப் பையொன்று ஏறக்குறைய 1¼ கன அடி கொள்ளும். எனவே நான்கு பை என்றனர். மேசனாரோ, "ஏழு வேணும், மாஸ்ரர்" என்றார். காரணங் கேட்டபோது, "போட்டுப் பழகின கை" என்பதே அவர் மறுமொழி. கூட்டத்தில் இருந்த சிலர் ஒருவரையொருவர் நோக்கினர். அந்நோக்கில் இருந்தது மூன்று பையின் விலையன்று. ஒரு முதியவரின் நேர்மை.

யாம் கரும்பலகையை நாடினோம். மரம், வேர் என்னும் இரு சொற்கள் புணர்ந்தால் மரவேர் ஆகும், மகரம் கெடும். தொகையானது கூட்டிய உறுப்புகளினும் குறுகுதல் இலக்கணத்தில் மட்டும் நிகழ்வதன்று. சல்லியின் இடைவெளியில் மணல் புகும். மணலின் இடைவெளியிற் சீமெந்து புகும். இதனால் 100 கன அடிக் கொங்கிறீற்றுக்கு உலர்பொருள் ஏறத்தாழ 154 கன அடி வேண்டுமென்பது கட்டட வழக்கு. 32 உடன் சேதாரம் பத்திலொன்று கூட்ட 35.2, அதனை 1.54 ஆற் பெருக்க 54.2. ஏழிலொரு பங்கு 7¾ கன அடி, அதாவது ஆறு பைக்கு மேல். மணல் 15½ கன அடி. சல்லி 31 கன அடி, அஃதாவது 100 கன அடி கொண்ட கியூப்பில் மூன்றிலொன்றுக்குச் சற்றுக் குறைவு. பை வாங்கவேண்டியது ஏழே. மாணவர் மேசனாரைத் திரும்பிப் பார்த்தனர். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

தளம் ஒரே பகலில் இடப்பட்டது. எஞ்சிய சீமெந்து மேற்பூச்சுக்கு உதவிற்று. ஏழு நாள் ஈரச் சாக்குகளால் மூடி, பிள்ளைகள் முறைவைத்து நன்னீர் தெளித்தனர். அம்மாரியிலே தாங்கி நிறைந்தது, தளம் அசையவில்லை.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 இல் மூடப்பட்டது. அண்மையிலே சீமெந்து விளைந்த காலம் போயிற்று. கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர்கள் தீவுப் பாடசாலைகளுக்கு உதவ முன்வரும்போது, பொருளின் விலையோடு படகுக் கூலியையும் சேர்த்தெண்ணுவார்களாக. ஊர்த் தொழிலாளியையும் ஒரு சொற் கேட்பார்களாக. சான்றிதழ் பெற்ற யாம் செய்ததெல்லாம், அவர் கையறிந்த உண்மைக்குக் காரணங் காட்டியதே.

கல்லூரித் தாய் நீடு வாழ்க.