கம்பத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு வீதி போகிறது. எல்லை வீதி என்றுதான் இரண்டு ஊராரும் சொல்வார்கள். வீதிக்கு வடக்கே நாங்கள், எங்கள் பள்ளிவாசல். தெற்கே அவர்கள், அவர்களுடைய பிள்ளையார் கோயில். வீதி கடற்கரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. எங்கள் பாடசாலைக்கும் அவர்களுடைய பாடசாலைக்கும் உதைபந்தாட்டப் போட்டி நடப்பதற்கு முதல்நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, அந்தக் கடை வாங்கில் இரண்டு ஊராரும் கூடிவிடுவார்கள். சின்ன வயதில் நான் பார்த்த போட்டிகள் அநேகம் மறந்துவிட்டன. அந்த வாக்குவாதங்கள் மறக்கவில்லை.

"ஒங்கட பொடியனுகளுக்கு கால் இரிக்கி, மூளதான் இல்ல."

"மூளையால பந்து அடிக்கலாமா மச்சான்? போன முறை மூணு கோல் வாங்கினது ஆரு?"

"அது மழ. தர வழுக்கிச்சி."

"ஏன், மழ ஒங்கட பக்கம் மட்டுமா பெஞ்ச?"

இப்படியே போகும். யார் இந்த முறை ஆடுகிறார்கள், யாருக்குக் காலில் காயம், மத்தியஸ்தர் எந்த ஊர் மருமகன் என்று எல்லாம் பேசி முடிந்த பிறகு, பேச்சு கடைசியில் 1966ஆம் ஆண்டுக்குத்தான் வந்து நிற்கும். அந்த வருடப் போட்டியில் என் வாப்பா வலது ஓரத்தில் ஆடியவர். மற்றப் பாடசாலைக்குக் கோல் காத்தவர் அவருடைய கூட்டாளி. அந்தக் காலத்தில் சப்பாத்து இல்லை, வலை இல்லை. இரண்டு பூவரசங் கம்புகள், மேலே ஒரு கயிறு, அவ்வளவுதான். ஆட்டம் முடியும் தறுவாயில் வாப்பா அடித்த பந்து கம்புக்குப் பக்கத்தால் போய்ப் பின்னாலிருந்த தாழம் பற்றைக்குள் விழுந்தது. உள்ளே என்று மத்தியஸ்தர் விசில் ஊதிவிட்டார். வெளியே என்று கோல் காத்தவர் அன்றைக்குச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முதல்நாள் அந்த வாங்கில் இருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளியாலதான் மச்சான் போன."

"ஒன்ட கண்ணு மூடிக் கிடந்த. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

வாசகர்கள் இதைப் பெரிய கல்லூரிகளின் கதை என்று எண்ணிவிடக் கூடாது. கொழும்பு றோயல் கல்லூரி மாணவர்களும் சென் தோமஸ் கல்லூரி மாணவர்களும் 1880 முதல் கிரிக்கெட்டில் மோதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் பெரும் சமர்' 1904இல் ஆரம்பித்தது. றோயலும் கண்டி திரினிற்றியும் றக்பியில் பிறட்பி கேடயத்துக்காக 1945 முதல் முட்டிக்கொள்கின்றன. அங்கெல்லாம் பழைய மாணவர்கள் கொடி கட்டி, பேண்ட் அடித்து ஊர்வலம் போவார்கள். எங்கள் இரண்டு பாடசாலைகளின் பெயரையும் வெளியூரில் சொன்னால் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். ஆனாலும் 1892இல் தொடங்கிய மருதானை ஸாஹிறாவின் பழைய மாணவன் தன் கல்லூரியின் உதைபந்தாட்டத்தைப் பற்றி எவ்வளவு பெருமையாகப் பேசுவானோ, அதற்குக் கொஞ்சமும் குறையாத பெருமை எங்கள் வாங்கிலும் இருந்தது. எங்களையும் ஒரு பொருட்டாக மதித்து வம்புக்கு இழுக்க வீதிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருந்ததே, அதுதான் காரணம்.

1990இல் எனக்குப் பதினொரு வயது. அந்த ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே நாட்களில் தமிழ்க் கிராமங்களிலும் உயிர்கள் போயின. எல்லை வீதியில் மணல் மூடைகள் வந்தன. தேத்தண்ணிக் கடை பூட்டப்பட்டது. இனி விவாதிக்கக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அது தானாகவே நின்றுபோயிற்று. வாப்பாவின் கூட்டாளி வீதிக்குத் தெற்கே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார். பன்னிரண்டு வருடங்களாக இருவரும் சந்திக்கவில்லை. வாப்பா அவரைப் பற்றி நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை. வீட்டில் உதைபந்தாட்டம் என்ற பேச்சே இல்லாமல் போனது.

2002இல் யுத்த நிறுத்தம் வந்தது. அடுத்த வருடம் நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். விடுதியில் எனக்குக் கிடைத்த அறையில் மற்றக் கட்டிலுக்கு வந்தவன் வீதிக்குத் தெற்கே உள்ள ஊரைச் சேர்ந்தவன். ஊரின் பெயரைக் கேட்டதும் இரண்டு பேரும் தலையாட்டினோம். அதோடு சரி. இரண்டு கிழமைகள் "லைற்றை அணைக்கட்டுமா?" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. அவனுடைய ஊரில் யார் யார் செத்துப்போனார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யார் யார் என்று அவனுக்கும் தெரியாது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

ஒரு நாள் இரவு மின்சாரம் போய்விட்டது. இருட்டுக்குள்ளிருந்து அவனுடைய குரல் வந்தது.

"உங்கட ஊரில முந்தி ஒரு ஆள் இருந்தவராம். பந்தை வெளியால அடிச்சிப்போட்டு கோல் எண்டு சொல்லுறவராம். அப்பா சொல்லிச் சிரிப்பார்."

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அது என்ட வாப்பா. பந்து உள்ளாலதான் போன. கோல் கீப்பர்தான் கண்ண மூடிட்டு நிண்டவர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவன் சொன்னான்: "கோல் கீப்பர் என்ட அப்பா."

அன்றிரவு இரண்டு மணிவரை வாதாடினோம். தாழம் பற்றை கம்புக்கு நேரே பின்னால் நின்றதா, பக்கத்தில் நின்றதா என்பதுதான் முக்கியமான பிரச்சினை. பந்து அந்தக் கோணத்தில் எப்படிப் போயிருக்கும் என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் சுண்ணக்கட்டியால் தரையில் படம் கீறினோம். நாங்கள் பிறப்பதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்த போட்டி அது. இரண்டு பேரும் பார்த்ததில்லை. பக்கத்து அறைக்காரர்கள் சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டினார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சில நாட்களுக்குப் பிறகு அவன் நூலகத்திலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகத்தோடு வந்தான். அதே 1966இல், ஜூலை 30ஆம் திகதி, லண்டன் வெம்பிளி மைதானத்தில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் இரண்டுக்கு இரண்டு என்று நின்றன. மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. கோட்டைத் தாண்டியதா, இல்லையா? சுவிற்சர்லாந்து மத்தியஸ்தர் எல்லைக்கோட்டு நடுவரிடம் போய்க் கேட்டார். அவர் கோல் என்றார். இங்கிலாந்து 4–2 என்று வென்றது. அந்த எல்லைக்கோட்டு நடுவர் அசர்பைஜானைச் சேர்ந்த தொஃபிக் பஹ்றமோவ். அவருடைய ஊரான பாக்கூவில் ஒரு மைதானத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஜேர்மனியரோ அது கோல் இல்லை என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

"கமெரா வச்சிப் பிடிச்சதுக்கே முடிவில்ல மச்சான். எங்கட பூவரசங் கம்புக்கு எங்க போறது?" என்றான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை மச்சான் என்றான்.

படிப்பு முடிந்து, வேறு இடங்களில் கற்பித்து, கடைசியில் இருவரும் அவரவர் ஊர்ப் பாடசாலைக்கே வந்து சேர்ந்தோம். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், 2010இல், அதிபர்களைச் சம்மதிக்க வைத்துப் போட்டியைத் திரும்பத் தொடங்கினோம். தேத்தண்ணிக் கடை அதற்கு முன்னமே திறந்துவிட்டது. வாங்குதான் புதிது.

எல்லைத் தகராறும் பந்து விவாதமும் எங்கள் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். அமெரிக்காவில் ஒஹையோ, மிச்சிகன் என்று பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். 1835இல் டொலிடோ என்ற ஊர் அமைந்த ஒரு துண்டு நிலத்துக்காக இரண்டும் ஆயுதப் படைகளையே திரட்டின. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. டொலிடோ ஒஹையோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு வடக்கே வேறு நிலம் கொடுத்து, 1837இல் மாநிலமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு மாநிலங்களின் பல்கலைக்கழகங்களும் 1897இல் முதன்முதலாக மோதின. அவர்களுடைய உதைபந்தாட்டத்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் கூடுதலாக ஓடுகிறார்கள், அது வேறு விடயம். நவம்பர் கடைசியில் அந்தப் போட்டி நடக்கும் கிழமையில், ஒஹையோ பல்கலைக்கழக வளவில் உள்ள பெயர்ப்பலகைகளில் மிச்சிகனின் முதல் எழுத்தைச் சிவப்பு நாடா ஒட்டி மறைத்துவிடுவார்களாம். துவக்கோடு எல்லைக்குப் போனவர்களின் வாரிசுகள் இன்றைக்கு ஓர் எழுத்தோடு கோபித்துக்கொள்கிறார்கள். வாசித்தபோது எங்கள் மணல் மூடைகள்தான் நினைவுக்கு வந்தன.

இந்த விவாதத்தை நான் வெறுமனே புகழ்ந்துவிட முடியாது. 2013இல் போட்டிக்கு முதல்நாள் என் மாணவன் ஒருவன் வாய்ச்சண்டையில் தோற்கும் நிலை வந்ததும், மற்றப் பாடசாலைப் பையனின் இனத்தைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டுவிட்டான். அந்தப் பையன் பதில் பேசவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். அன்றிரவே மாணவனைக் கூட்டிக்கொண்டு வீதியைக் கடந்து அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். இவன் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டான். அவனுடைய தாய் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். திரும்பி வரும்போது மாணவன் கேட்டான்: "அப்ப என்னத்தச் சொல்லிப் பேசுற சேர்?" காலைச் சொல், கையைச் சொல், கோல் கீப்பரைச் சொல், மத்தியஸ்தரையும் வேண்டுமானால் சொல், பிறப்பைச் சொல்லாதே என்றேன். இன்றும் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் அதைச் சொல்கிறேன்.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, வெட்கமும் பயமும் சேர்ந்த ஒரு பாரம் எங்கள் ஊரின் தலையில் இறங்கியது. பாடசாலைகள் மூடிக் கிடந்து, பிறகு பை சோதனையோடு திறந்தன. தேத்தண்ணிக் கடைக்குத் தெற்கிலிருந்து ஆட்கள் வருவது நின்றது. எங்கள் ஆட்களும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். வருடத்தின் பிற்பகுதியில் போட்டிக் காலம் வந்தபோது நண்பன் தொலைபேசியில் கேட்டான்: "வைப்பமா?" நான், "நீ சொல்லு" என்றேன். "வைப்பம்" என்றான்.

போட்டிக்கு முதல்நாள் அஸருக்குப் பிறகு கடைக்குப் போனேன். வாங்கில் வாப்பா மட்டும் இருந்தார். எழுபது தாண்டிவிட்டது. அவருக்கு முன்னால் பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். 1990இல் அந்தச் சத்தம் எப்படி நின்றதென்று எனக்குத் தெரியும். அதே மாதிரித்தான் இப்போதும் நிற்கப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போது வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். பின்னால் என் நண்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். கிழவர் வாங்கின் மற்ற முனையில் மெதுவாக உட்கார்ந்தார். ஒரு பிளேன்ரீ சொன்னார். அதைப் பாதி குடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு வீதியைப் பார்த்தபடியே சொன்னார்:

"வெளியாலதான் மச்சான் போன."

வாப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய கை நடுங்கியதை நான் கண்டேன்.

"ஒன்ட கண்ணு மூடிக் கிடந்த. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

கடைக்காரர் கேத்தலை அடுப்பில் வைத்தார். வீதியால் போன ஒருவர் நின்றார். பிறகு இன்னொருவர். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது வாங்கில் இடமில்லை.

அடுத்த நாள் போட்டியில் யார் வென்றார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நண்பன் மறுப்புக் கடிதம் அனுப்புவான். அந்தப் பந்தைப் பற்றி இப்போது என் மாணவர்களும் கேட்கிறார்கள். கம்பத்துக்கு உள்ளேதான் போனது என்று சொல்லிக்கொடுக்கிறேன். வீதிக்குத் தெற்கே ஒரு வகுப்பறையில், வெளியேதான் போனது என்று அவன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பான்.